ஆள் வந்தால் ஒளிந்துகொள்ளும் வெள்ளம்

ஏரி உடைந்து எங்கள் நகருக்குள் வந்த வெள்ளமெல்லாம் வந்த வழியே வடிந்து போய்விட்டது, எங்கள் வீட்டுக்குள் வந்தது மட்டும் போகவில்லை. எதிர் வீட்டில் பாயைக் கொடியில் போட்டுக் காய வைக்கிறார்கள், பக்கத்து வீட்டில் பிரிட்ஜைச் சாய்த்துச் சேற்றை வழிக்கிறார்கள், பிள்ளையார் கோயில் வாசலில் கோலம்கூடப் போட்டாகிவிட்டது, எங்கள் வீட்டில் மட்டும் கூடத்திலும் அடுக்களையிலும் படுக்கிற அறையிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், வாசல்படியைத் தாண்டாமல், கதவைத் திறந்து போட்டாலும் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், ஒரு வேப்பங்கொத்தையும் யாருடையதோ ஒற்றைச் செருப்பையும் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டு, பேசாமல் இருந்தது.

என் வீட்டுக்காரர் இசக்கிராஜ் வாளியால் இறைத்துப் பார்த்தார். வாடகைக்கு மோட்டார் எடுத்து வந்து குழாயைத் தெருவில் விட்டார். குழாய் வழியாக வெளியே போன தண்ணீர் பால்காரர் வீடு வரைக்கும் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று யோசித்து, திரும்பி எங்கள் முன்வாசல் வழியாகவே உள்ளே வந்து தன் இடத்தில் நின்றுகொண்டது. "இது போவாதுட்டி" என்று சொல்லிவிட்டு, மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கம்பெனி வேன் ஓட்டப் போய்விட்டார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்பு மேடையில் உலை வைத்தேன். வேறென்ன செய்வது.

தெருவும் அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பக்கத்து வீட்டு தேசம்மா அக்கா வாசலில் நின்று கூப்பிடுகிற வழக்கமெல்லாம் இல்லாத ஆள், நேரே உள்ளே வந்து, தண்ணீரில் காலை அலசிக்கொண்டே அடுக்களை வரைக்கும் நடந்து, சட்டியைத் திறந்து பார்த்து, "இன்னா செல்வி, இன்னிக்கும் ரசந்தானா" என்று கேட்டுவிட்டுப் போகும். தண்ணீர் அக்கா காலைச் சுற்றி வளையமாக ஓடும். தண்ணீர் கேன் போடுகிற கன்னியப்பன் அண்ணனுக்குத்தான் முதலில் மனசு சரியில்லை. கேனைத் தோளில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "குளிக்கிறதுக்கு வெச்சுக்கமா, குடிக்கிறதுக்கு நம்ம கேன்தான், இதெல்லாம் ஏரித் தண்ணி, நாலு ஊரு பார்த்த தண்ணி" என்றார். அதைக் கேட்டுத் தண்ணீர் மூலையில் போய்க் கொஞ்சம் சுருங்கிக்கொண்டது, அண்ணனுக்கே பாவமாகி, மறுநாள் அதற்கென்று ஒரு கற்பூர வில்லை வாங்கிவந்து கொடுத்தார். கொசு மட்டும் வருமோ என்று எல்லோரும் பயந்தார்கள். அது ஓர் இடத்தில் நிற்காமல் நாள் முழுக்க வீட்டுக்குள் அலைந்துகொண்டே இருந்ததால் கொசுவும் வரவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு எத்தனை ஆள் என்று நகர்ச் சங்கத்தில் கணக்கெடுத்தபோது இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்து, சேர்த்தால் கரும்பு கொடுக்கணும் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்தத் தண்ணீர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் என் பிள்ளை வீட்டில் இல்லை.

தன்ஷிகாவுக்கு ரெண்டு வயசு. வெள்ளம் வந்த அன்று போட் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனபோது, வீட்டுக்காரரின் அக்கா, சண்முகவடிவு மதினி, குரோம்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வந்து தார் ரோட்டில் நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். மதினிக்குக் குழந்தை இல்லை, அவர்கள் வீட்டுக்காரரும் தவறிப்போய்விட்டார், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார்கள். தண்ணீர் வடியாமல் நின்ற பிறகு நான் பிள்ளையைக் கேட்டபோது, "முழங்கால் தண்ணிக்குள்ள பச்சப்புள்ளய எப்படிளா விடுவ? வீடு சரியாவட்டும், இன்சூரன்ஸ்காரன் பார்த்து எழுதி, தரையெல்லாம் போட்டு முடியட்டும், நானே கொண்டாந்து விடுதேன்" என்றார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் தினமும் போனில் என்னைப் பார்த்ததும் "உங்க செல்வி பேசுதா பாரு" என்று சொல்லிச் சொல்லி, பிள்ளை என்னைச் செல்வி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. "செல்வி, டாட்டா" என்று சொல்லிவிட்டு மதினி தோளில் சாய்ந்துகொள்ளும். பொங்கல் கழித்து அங்கேயே ப்ளே ஸ்கூலில் சேர்க்கப் பை வாங்கியாகிவிட்டது என்று ஒருநாள் மதினி அந்தப் பையைக் காட்டினார்கள். பையில் ஒரு முயல் இருந்தது. எனக்கு அந்த முயலைப் பார்த்து அப்படி ஓர் ஆத்திரம்.

வீட்டுக்கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கே வெள்ளம் வந்த பிறகுதான் தெரியும். எழுதிப் போட்டோம். சர்வேயர் வந்து பார்த்து எழுதினால் கம்பெனியே ஆட்களை அனுப்பித் தரையும் சுவரும் கதவும் சரிசெய்து கொடுக்கும் என்றார்கள். சர்வேயர் வருகிறார் என்று தெரிந்ததும் தெருவே எழுந்துகொண்டது. ஓர் அதிகாரி நம் தெருவுக்கு வருகிறார் அல்லவா. பால்காரர் வீட்டிலிருந்து கை வைத்த நாற்காலி வந்தது, அதன் மேல் புதுத் துண்டு போட்டோம். கூல்டிரிங்ஸ் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்தோம். பிஸ்கட்டைத் தட்டில் வட்டமாக அடுக்கினது தேசம்மா அக்கா. நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வெளி ஆட்கள் வந்தால் நான் அங்கேதான் நிற்பேன். பயமெல்லாம் இல்லை, கூச்சம்.

சர்வேயர் பேர் தியோடர் சார். சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டு, தோளில் ஒரு பை, கையில் டேப், நெற்றியெல்லாம் வேர்வை. வாசலில் நின்று, "சார், வரலாங்களா?" என்று கேட்டார். அவர் குரல் கேட்டதுதான் தாமதம், கூடத்தில் நின்ற தண்ணீர் துணியை வாரிச் சுருட்டுகிற மாதிரி தன்னை வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்தது. குடத்துக்குள், அண்டாவுக்குள், மிக்ஸி ஜாருக்குள், டிபன் கேரியரின் நாலு அடுக்குக்குள், அரிசி டிரம்முக்குப் பின்னால், பரணில் இருந்த கொலு டப்பாவுக்குள். போகும்போது மெத்தையில் ஊறியிருந்த ஈரத்தையும், சுவரில் ஏறியிருந்த கறையையும், கதவின் உப்பலையும்கூட விடாமல் உறிஞ்சி எடுத்துக்கொண்டது, ஆள் வருகிறார்கள் என்றால் கட்டில்மேல் கிடக்கிற அழுக்குத் துணியை நாம் அலமாரிக்குள் திணிப்பதில்லையா, அதுபோல. கடைசியில் ஒரு கை அளவு தண்ணீர் இடம் கிடைக்காமல் தவித்து, என் கையில் இருந்த தம்ளருக்குள் ஏறிக்கொண்டது.

தியோடர் சார் உள்ளே வந்து பார்த்தார். தரை பளபளவென்று இருந்தது. சுவரைத் தட்டினார், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார், அடுக்களையை எட்டிப் பார்த்து, "எல்லாப் பாத்திரத்திலயும் பிடிச்சு வெச்சிருக்கீங்களே, இந்த ஏரியால தண்ணிக் கஷ்டமா?" என்று கேட்டார்.

"சார், இது அந்தத் தண்ணிதான் சார்" என்றார் வீட்டுக்காரர். "நீங்க வந்ததும் ஒளிஞ்சிக்கிட்டு. இந்தா பாருங்க, போட்டோ."

"போட்டோல தெரியிறது யார் வீடுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான் நம்பலைன்னு சொல்லல. ஆனா நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும்." அவர் கெட்ட மனுஷர் இல்லை. கூல்டிரிங்ஸை மரியாதைக்கு ரெண்டு மடக்குக் குடித்தார், ஒரு பிஸ்கட் எடுத்தார், நல்லா இருக்கு என்றார். வீடு காய்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அவர் பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் மிக்ஸி ஜாரிலிருந்து முதல் சொட்டு விழுந்தது.

தெருவில் கூடிப் பேசினார்கள். தண்ணீர் ஏதோ மனத்தாங்கலில் இருக்கிறது, வந்த மனிதரை நாம் சரியாகக் கவனிக்கவில்லை, அதனால்தான் அதற்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது என்று முடிவாயிற்று. திரும்ப எழுதிப் போட்டு, அவர் ரெண்டாவது தடவை வந்தபோது வாசலில் வாழைமரம் இல்லாததுதான் குறை. கன்னியப்பன் அண்ணன் சால்வை போர்த்தினார். தேசம்மா அக்கா ஆரத்தி எடுத்தது. நகர்ச் சங்கத் தலைவர் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். தியோடர் சார் சால்வைக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். தண்ணீரோ, நாங்கள் மரியாதையைக் கூட்டக் கூட்ட அவ்வளவுக்கு அவ்வளவு உள்ளே போனது. குடத்தில்கூட நிற்கவில்லை. குழாய்க்குள் போய்விட்டது, சுவருக்குள் போய்விட்டது, ஆரத்தித் தட்டு காய்ந்து குங்குமம் தூளாகப் பறந்தது, தியோடர் சார் தாகத்துக்குத் தன் பாட்டிலைத் திறந்தால் அதிலும் ஒன்றும் இல்லை.

"இந்த வீடு மாதிரி காய்ஞ்ச வீட்டை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை" என்று அவர் எழுதினார். போகும்போது சொன்னார்: "இன்னொரு தடவை வர்றேன். அதான் கடைசி. அப்புறம் ஃபைலை மூடிருவாங்க, அது என் கையில இல்ல."

அன்றைக்கு சாயந்திரம் தண்ணீர் ஒவ்வொரு மூலையாகத் திரும்பி வந்தது. தேசம்மா அக்கா அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு, "எங்கிட்ட மட்டும் ஒளிய மாட்டேங்குது பாரேன்" என்றது.

"நீங்க என்ன ஆளாக்கா" என்றேன்.

"ஏன், நான் ஆளில்லாம ஆடா?"

"அதில்லக்கா. நீங்க வந்தா நானும் கதவுக்குப் பின்னால போறதில்ல."

அக்கா என்னைப் பார்த்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன். "உன் வூட்லயே கெடந்து உன் புத்தி அதுக்கும் ஒட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய்விட்டது. எனக்கு அன்று முழுக்க அதே யோசனை. நாற்காலி போட்டு, துண்டு போட்டு, தட்டில் பிஸ்கட் வைத்து, ஒரு மனிதரை நாங்கள் எவ்வளவு தூரத்தில் உட்கார வைத்துவிட்டோம்.

தியோடர் சார் கடைசித் தடவை வந்த அன்று வீட்டுக்காரருக்கு டூட்டி. காலையில் மதினி போன் பண்ணி, ப்ளே ஸ்கூலில் திங்கட்கிழமை சேர்க்கச் சொல்லிவிட்டார்கள் என்றார்கள், பிள்ளை முயல் பையை மாட்டிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. நான் நாற்காலி வாங்கப் போகவில்லை. பழைய நைட்டியோடு, அடுப்பில் புளிக்குழம்பு கொதிக்க, மேடைமேல் உட்கார்ந்து சின்ன உள்ளி, அதான் சின்ன வெங்காயம், உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது. தண்ணீர் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடியது. எனக்கும் கால் தானாகக் கதவுப் பக்கம் போனது.

"சார் இல்லீங்களா? பரவால்லம்மா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும், ஃபைலை மூடிடலாம்" என்றார் அவர்.

மூடிடலாம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும், வீட்டுக்காரரிடம் மட்டும் வருகிற என் குரல், வேறு யாரும் கேட்டிராத என் குரல், அதுபாட்டுக்கு வெளியே வந்தது. "வாசல்ல நின்னு என்ன மூடுறது? அந்த ஷூவக் கழட்டுங்க. கைய கழுவிட்டு உள்ள வாங்க. மனுஷி ஒத்தையில கெடந்து இத்தன உள்ளிய உரிக்கேன், நீங்க வந்து பேனாவ நீட்டுதீங்க. அந்த வாளியக் கவுத்திப் போட்டு உக்காருங்க. இந்தா, கத்தி. தோல கீழ போடாதீங்க, தட்டுல போடுங்க."

தியோடர் சார் ஷூவைக் கழற்றினார். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். உள்ளியை உரிக்க ஆரம்பித்தார். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது, எனக்கும் கொட்டியது, ரெண்டும் உள்ளியால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வேர எடுக்காம உரிக்கிறீங்க" என்றேன்.

"எங்க வீட்லயும் இதான் சொல்வாங்க" என்றார் அவர், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு.

பிறகு பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். முயல் பையைப் பற்றியும் சொன்னேன். ஒரு வெளி ஆளிடம் அவ்வளவு பேச்சு நான் என் கல்யாணத்திலிருந்து பேசியதில்லை. அவர் உரித்த உள்ளியை என்னிடம் தந்தார். குழம்பில் போட்டுக் கிளறி, கரண்டியில் கொஞ்சம் எடுத்து, யோசிக்காமல் அவர் உள்ளங்கையில் விட்டேன். அவர் நக்கிப் பார்த்தார். ரெண்டு தடவை நாக்கைத் தட்டினார்.

"உப்புக் குறையுதும்மா" என்றார்.

விருந்தாளி ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டார். விருந்துக்கு வந்தவர் குழம்பு சாணியாக இருந்தாலும் நல்லா இருக்கு என்பார், போதும் போதும் என்பார். உப்புக் குறைகிறது என்று அடுக்களைக்குள் உட்கார்ந்து சொல்கிறவர் நம் வீட்டு ஆள்தான். அது எனக்குப் புரிவதற்குள் தண்ணீருக்குப் புரிந்துவிட்டது. டிபன் கேரியர் மூடியைத் தள்ளிக்கொண்டு முதல் அடுக்குத் தண்ணீர் இறங்கியது, பரணிலிருந்து கொலு டப்பா தண்ணீர் படியில் இறங்குவது மாதிரி இறங்கியது, அண்டா, குடம், ஜார், சுவர், குழாய், எல்லாமும் ஒன்றன் பின் ஒன்றாகக் கூடத்தில் வந்து சேர்ந்து, மெத்தைக்கு ஈரத்தையும் சுவருக்குக் கறையையும் கதவுக்கு உப்பலையும் அதது இடத்தில் திருப்பி வைத்து, வேப்பங்கொத்தையும் ஒற்றைச் செருப்பையும் மிதக்கவிட்டு, தியோடர் சாரின் ரெண்டு ஷூவையும் அந்தச் செருப்புக்குத் துணையாக அனுப்பிவிட்டு, வாளியில் உட்கார்ந்திருந்தவரின் முழங்காலைச் சுற்றி வந்து நின்றது.

தியோடர் சார் குனிந்து பார்த்தார். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து, டேப்பை நீட்டி அளந்தார். "முழங்காலுக்கு மேல ரெண்டு விரக்கடை" என்று தனக்குத்தானே சொல்லி எழுதிக்கொண்டார். போட்டோ எடுக்கும்போது, "கொஞ்சம் அசையாம இருக்கச் சொல்லுங்க" என்றார். தண்ணீர் ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றது. பிறகு அவர் மேடைமேல் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டார். உப்புப் போட்டிருந்தேன்.

காகிதம் வந்தது, கம்பெனி ஆட்களும் வந்தார்கள். ஆட்கள் புதுசு என்பதால் அவர்கள் இருக்கிறவரை தண்ணீர் ஒளிந்துகொண்டது, அதுவே நல்லதாகப் போய், தரையும் சுவரும் கதவும் சீக்கிரம் முடிந்தன. தண்ணீர் வெளியேறிய தேதி என்ற இடத்தை மட்டும் தியோடர் சார் நிரப்பவில்லை. "அது போறதை நான் பார்க்கலையேம்மா" என்றார். அது போகும் என்று எனக்கும் தோன்றவில்லை. புதுத் தரையின் மேல் அது சாயந்திரமானால் வந்து நின்றது.

மதினி சொன்ன சொல் தவறாதவர்கள். காகிதம் வந்தது என்று கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார்கள். பால்காய்ச்சும்போது தன்னைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டோம் என்று கோபித்துக்கொண்டு போனவர்கள், அதற்குப் பிறகு அன்றுதான் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். புது ஆள் கணக்குதான். தண்ணீர் ஒளிந்துகொண்டது. மதினி மூலைமூலையாக விரலால் தடவிப் பார்த்தார்கள், கட்டிலைக் குனிந்து பார்த்தார்கள், குறை ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளை அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. மதினி முகம் ஒரு நொடி மலர்ந்தது, பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு தாங்களே குனிந்து பிள்ளையின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தரையில் நிறுத்தினார்கள்.

தன்ஷிகா சுற்றும் முற்றும் பார்த்தது. புதுத் தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்தது. "செல்வி, பசிக்கி" என்றது.

என்ன பெயரில் கூப்பிட்டால் என்ன, பசிக்கிறது என்று என்னிடம்தானே வந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கனம் கூடியிருந்தது. மதினி நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள். "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க மதினி" என்றேன், வேண்டாம், அங்க சோத்த வடிச்சு வெச்சிருக்கேன் என்றார்கள். ஒருத்திக்கு மட்டும் வடித்த சோறு எவ்வளவு இருக்கும். பிள்ளையின் துணிமணியை எடுத்து வைத்துவிட்டுக் காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினார்கள். ஆட்டோ போன வழியில் தார் ரோட்டில் ஒரு நூல் மாதிரி ஈரம் போயிற்று, மழை வருமோ என்று பார்த்தேன், வெயில்தான் அடித்தது.

அன்று சாயந்திரம் தண்ணீர் வரவில்லை. குடத்தைப் பார்த்தேன், அண்டாவைப் பார்த்தேன், டிபன் கேரியரைப் பிரித்துப் பார்த்தேன். தேசம்மா அக்கா வந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, கீழே வெறும் தரை என்பதை மறந்து காலை ஆட்டியது. கன்னியப்பன் அண்ணன் கேனை இறக்கி வைத்துவிட்டு, "சொல்லாம கொள்ளாம போயிடிச்சே" என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்றார்.

மறுநாள் காலையில் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மதினி.

"ஏளா செல்வி" என்றார்கள். பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது. "இங்கன மூணாவது மாடில, கூடம் முழுக்க, முழங்கால் வரைக்கும் நிக்கி. கீழ் வீட்டுக்கு ஒரு சொட்டு எறங்கல. நான் அடுக்களைக்குப் போனா அடுக்களைக்கு வருது, கட்டில்ல உக்காந்தா காலடில வந்து நிக்கி."

"தியோடர் சார் நம்பர் இருக்கு மதினி" என்றேன். "நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். வந்து பார்த்து எழுதிட்டாருன்னா, எடுக்கிறதுக்கு ஆளு அனுப்பச் சொல்லலாம்."

"அவர எதுக்குளா கூப்பிடணும்" என்றார்கள் மதினி. குரலை அவ்வளவு தணித்து அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை, பக்கத்தில் யாரோ கண்ணயர்ந்து கிடக்கிற மாதிரி. "நான் கேக்க வந்தது வேற. காலையிலருந்து என் பின்னாலயே சுத்துது. இதுக்குத் திங்க என்னளா குடுப்ப?"